'மாத்திரை போட்டாச்சா?' என்று மட்டும் கேட்டால் போதுமா? - பைபோலார் சிகிச்சையில் நோயாளியின் விருப்பத்துக்கு என்ன இடம்?

பைபோலார் பாதிப்புள்ள ஒருவர் இருக்கும் வீட்டில், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மாத்திரை போட்டாச்சா?" அம்மா கேட்பார், மனைவி கேட்பார், வெளியூரிலிருந்து போன் போட்டு அக்காவும் கேட்பார். எல்லாம் அக்கறையில் வரும் கேள்விதான். ஆனால், "இந்த மாத்திரை உனக்கு ஒத்துக்குதா? இதைப் போட்டுட்டு காலையில எந்திரிச்சு உன்னால வேலை பாக்க முடியுதா?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

இந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாத வீடுகளில், முதல் கேள்விக்குப் பல நேரம் பொய்தான் பதிலாக வருகிறது. "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு மாத்திரையை ஜன்னல் வழியாக வீசுபவர்கள் உண்டு. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்புபவர்கள் உண்டு. சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் தூக்கம் குறையும், பேச்சு கூடும், கையிலிருக்கும் காசெல்லாம் கரையும். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் அட்மிஷன்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது டாக்டரின் வேலை. அதை 20 வருடம், 30 வருடம் விழுங்குவது நோயாளியின் வேலை. அப்படியானால் சிகிச்சையைத் திட்டமிடும்போது அவருடைய விருப்பத்தையும் கேட்க வேண்டாமா? இதை மரியாதைக்காகச் செய்யும் சடங்காக நினைக்க வேண்டாம். சிகிச்சை பலன் தருமா, பாதியில் நிற்குமா என்பதே பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

பைபோலார் என்றால் என்ன?

தமிழில் 'இருதுருவ மனநிலைக் கோளாறு' என்கிறார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. மனநிலை இரண்டு துருவங்களுக்கு இடையே ஊசலாடும். ஒரு பக்கம் 'மேனியா' எனும் மிதமிஞ்சிய எழுச்சி. இரண்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பே தெரியாது. பேச்சு நிற்காது. தன்னால் எதுவும் முடியும் என்று தோன்றும். கடன் வாங்கி கடை திறப்பது, நகையை அடகு வைத்து ஊருக்கே விருந்து வைப்பது, சம்பந்தமில்லாத சண்டை என்று போகும். இன்னொரு பக்கம் மனச்சோர்வு. படுக்கையை விட்டு எழ முடியாது, சாப்பாடு பிடிக்காது, 'நான் எதுக்கு இருக்கணும்?' என்ற எண்ணம் அரிக்கும். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், எந்த வித்தியாசமும் தெரியாத நல்ல காலமும் இருக்கும்.

இந்த மூன்றாவது கட்டத்தை, அதாவது நல்ல காலத்தை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைப் பற்றித்தான்.

பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ, இருபதுகளிலோ இந்த நோய் தலைகாட்டும். படிப்பு, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை வடிவம் எடுக்கும் அதே வயது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 0.5 சதவிகிதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் பைபோலார் வந்திருப்பது தெரியவந்தது. அதாவது 200 பேரில் ஒருவர். அவர்களிலும் 10 பேரில் சுமார் 7 பேர் சிகிச்சையில் இல்லை. மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 30 லட்சத்துக்கும் மேல். அதே விகிதம் இங்கும் பொருந்தினால், நம் மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேரையாவது இந்த நோய் தொட்டிருக்கும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம்.

ஒரே நோய்... மூன்று வேறு வாழ்க்கை!

பைபோலாருக்கு இன்று பல மருந்துகள் இருக்கின்றன. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்து சொன்ன லித்தியம் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், ஓலான்சபின், க்வெட்டியாபின் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. அந்த விலை யாருக்கு வலிக்கும் என்பது அவரவர் வாழ்க்கையைப் பொறுத்தது. மதுரையிலேயே மூன்று பேரைக் கற்பனை செய்து பார்ப்போம்.

முதலாமவர், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு முடிச்சுகள். விரல்தான் அவருக்கு முதலீடு. லித்தியம் எடுப்பவர்களில் பலருக்குக் கையில் லேசான நடுக்கம் வரும். அலுவலகத்தில் பேசிப் பிழைப்பவருக்கு அது சின்ன தொந்தரவு. இவருக்கோ அது கூலியைப் பறிக்கும் விஷயம். டாக்டரிடம் சொன்னால் டோஸைக் குறைத்துப் பார்க்கலாம், நடுக்கத்துக்கென்று வேறு மாத்திரை சேர்க்கலாம், மருந்தையே மாற்றலாம். சொல்லாவிட்டால், அவரே ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

இரண்டாமவர், மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிப்பவர். மொட்டு விரிவதற்குள் பறித்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் விடியும் முன்பே எழ வேண்டிய வேலை. இரவில் க்வெட்டியாபினோ, ஓலான்சபினோ எடுத்தால் நல்ல தூக்கம் வரும். சிலருக்கு அந்த மயக்கம் காலை பத்து மணி வரை இழுக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தூக்கம் கெடுவதே மேனியாவைத் தூண்டக்கூடியது. ஆக, மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது, படுக்கைக்கு எப்போது போவது, சில மாதங்களுக்கு வேறு நேரத்து வேலை கிடைக்குமா என்பதெல்லாம் சேர்த்துப் பேச வேண்டிய விஷயம். டாக்டர் கேட்காமல் இதெல்லாம் சீட்டில் வராது. நோயாளி சொல்லாமல் டாக்டருக்குத் தெரியவும் தெரியாது.

மூன்றாமவர், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். அக்னி நட்சத்திர வெயில், பக்கத்தில் சூளை அனல். வியர்வையாய் ஊற்றும். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். வாந்தி, பேதி, கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்கு குழறுவது ஆகியவை ஆபத்து அறிகுறிகள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் போன்ற மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றிவிடும். இவருக்கு லித்தியம் கூடாது என்று அர்த்தமில்லை. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் அது நன்கு நிரூபிக்கப்பட்ட மருந்து. ஆனால், வேலை என்ன என்று தெரிந்த பிறகுதான் அதை எழுத வேண்டுமா, எழுதினால் என்னென்ன எச்சரிக்கை சொல்ல வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

லித்தியத்துக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் தேவை. கடைசி டோஸ் எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். உசிலம்பட்டி பக்கத்து கிராமத்திலிருந்து மதுரைக்கு வந்துபோனால் ஒருநாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. 'என்னால இத்தனை தடவை வர முடியாது டாக்டர்' என்பதும் நோயாளியின் விருப்பம்தான். அதைக் காதில் வாங்கிக்கொண்டு போடும் திட்டமே நிற்கும்.

அம்மா பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது?

பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வால்ப்ரோயேட் மேனியாவுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆனால், கர்ப்ப காலத்தில் தாய் அதை எடுத்தால், பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10-ல் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். 10-ல் 3 அல்லது 4 குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்னடைவு வரலாம். அதனால், பைபோலார் உள்ள, கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு அதைத் தரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இங்கே என்ன நடக்கிறது? 22 வயதுப் பெண்ணை அம்மா ஓ.பி.க்கு அழைத்து வருகிறார். பெண் வாயே திறப்பதில்லை. "தூங்க மாட்டேங்கிறா டாக்டர், பேசிக்கிட்டே இருக்கா" என்று அம்மாதான் சொல்கிறார். ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பதை அம்மாவும் சொல்வதில்லை. விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். கல்யாணம் முடிகிறது. மாப்பிள்ளை வீட்டில் தெரியக் கூடாது என்று மாத்திரை நிற்கிறது. புது வீடு, புது மனிதர்கள், கெட்ட தூக்கம். மூன்றே மாதத்தில் நோய் திரும்புகிறது.

இதையே வேறு மாதிரி நடத்தலாம். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க. நான் பாப்பாகிட்ட தனியா பேசிட்டுக் கூப்பிடுறேன்" என்று டாக்டர் சொல்லலாம். சொல்லாவிட்டால், "தனியா பேசணும் டாக்டர்" என்று அந்தப் பெண்ணே கேட்கலாம். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது வேண்டும், எடை ஏறினால் பரவாயில்லையா, முடி கொட்டினால் தாங்கிக்கொள்வாளா... இவை அற்பக் கேள்விகள் இல்லை. எடை ஏறும் என்ற பயத்தில் மாத்திரையை நிறுத்தும் பெண்கள் ஏராளம்.

ஏற்கெனவே வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் போய், 'குழந்தை பெத்துக்க ஆசைப்படுறேன், மாத்திரையை மாத்தலாமா?' என்று கேளுங்கள். கர்ப்பத்துக்குப் பல மாதம் முன்பே திட்டமிட்டால் பாதுகாப்பான வழிகள் உண்டு. பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், அந்த நாள்களில் பச்சைக் குழந்தையோடு யார் ராத்திரி விழித்திருப்பது என்பதைக்கூட முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

தன் நோய்க்குத் தானே சாட்சி சொன்ன பேராசிரியர்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன். பைபோலார் பற்றிய முக்கியமான மருத்துவ நூலை 1990-ல் ஃபிரெடெரிக் குட்வினுடன் சேர்ந்து எழுதிய உளவியல் நிபுணர். 1995-ல் அவர் வெளியிட்ட சுயசரிதை உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. காரணம், தனக்கும் பைபோலார் இருப்பதை அதில் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

நோயைப் பற்றி எல்லாம் படித்தவர், மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர், அவரே லித்தியத்தை அவ்வப்போது நிறுத்தியிருக்கிறார். ஏன்? அந்த எழுச்சி நாள்களின் வேகமும் மகிழ்ச்சியும் அவருக்குப் பிடித்திருந்தன. மருந்தின் அன்றைய அதிக டோஸில், படிப்பையே உயிராக நினைத்த அவரால் ஒரு புத்தகத்தை ஊன்றிப் படிக்க முடியாமல் போனது. மருந்தை விட்டதன் விலையும் பெரிது. தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தார். பின்னாளில் டோஸ் குறைக்கப்பட்டபோது படிக்கும் திறன் திரும்பியது. மருந்தோடு அவருக்கு ஒரு சமாதானமும் பிறந்தது.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு முக்கியம். தெளிவாக இருந்த காலத்தில், தன் டாக்டரோடும் குடும்பத்தோடும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். மறுபடி கடுமையான மனச்சோர்வு வந்து, அப்போது தான் மறுத்தாலும், மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் மின் அதிர்வு சிகிச்சை தருவதற்கும் அவர்கள் அனுமதி கொடுக்கலாம் என்பதே அந்த ஏற்பாடு. நல்ல நாளின் நான், கெட்ட நாளின் எனக்காக எடுத்துவைத்த முடிவு!

'எனக்கு ஒண்ணுமில்லை' என்று சொல்லும்போது என்ன செய்வது?

இந்த இடத்தில் குடும்பத்தினருக்கு ஒரு கோபம் வரும். "மேனியா வந்தா, 'எனக்கு ஒண்ணுமில்லை, மாத்திரை வேண்டாம்'னுதான் சொல்லுவான். அதையும் அவன் விருப்பம்னு விட்டுடணுமா?"

நியாயமான கேள்வி. மூன்று நாள் தூங்காமல் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பும் தம்பியைப் பார்த்து, 'உன் இஷ்டம்' என்று எந்த அக்காவும் இருக்க முடியாது. அந்த நேரத்தில் பல குடும்பங்கள் எடுக்கும் வழி, மாத்திரையைப் பொடித்து காபியிலோ, சாம்பாரிலோ கலந்துவிடுவது. ஒருநாள் அது தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அம்மா போடும் காபியையே அவர் நம்ப மாட்டார். உள்ளே எவ்வளவு மருந்து போனது என்பதும் யாருக்கும் தெரியாது. கண்டிப்பான அளவு தேவைப்படும் லித்தியம் போன்ற மருந்தில் இது உயிருக்கே உலை வைக்கும்.

இன்னும் மோசமான வழிகளும் இருந்தன. மதுரையிலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கிருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்த 28 பேரிடமும், 'உனக்கு என்ன வேணும்?' என்ற கேள்வி எப்போதாவது கேட்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கைக் கையிலெடுத்தது. மனநோயாளிகளை நாடு நடத்தும் விதம் பற்றிய கேள்வி அதன் பிறகு அடங்கவே இல்லை.

2017-ல் நிறைவேறி, 2018 மே 29-ம் தேதி நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று திட்டவட்டமாகத் தடை செய்தது. மயக்க மருந்து கொடுக்காமல் மின் அதிர்வு சிகிச்சை தருவதையும் தடை செய்தது.

அந்தச் சட்டம் அக்காவின் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சை பற்றிச் சொல்லப்படுவதைப் புரிந்துகொள்கிறாரா, எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று உணர்கிறாரா, தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ தெரிவிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் எடுக்கும் முடிவு நமக்குத் தப்பாகத் தெரிகிறது என்பது மட்டுமே காரணமாகாது.

அந்தத் திறன் உண்மையிலேயே மங்கியிருந்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை இருந்தால், அவருடைய 'நியமனப் பிரதிநிதி' விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகு, முதலில் 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்கலாம். அப்போதும் ஏழு நாளுக்கு ஒருமுறை, 'இப்போது இவரால் முடிவெடுக்க முடிகிறதா?' என்று பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில், எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம்.

நல்ல காலத்தில் எழுதிவைக்கும் தாள்

ஜேமிசன் தன் குடும்பத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டை, இந்தியாவில் 18 வயது நிரம்பிய எவரும் சட்டப்படியே செய்துகொள்ளலாம். அதற்குப் பெயர் 'முன்கூட்டிய அறிவுறுத்தல்'. சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும், இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. செய்முறை இதுதான்.

* எனக்கு நோய் முற்றி, முடிவெடுக்க முடியாமல் போனால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுத வேண்டும். சட்ட விதிகளில் இதற்கென 'சி.ஆர்-ஏ' என்ற படிவம் இருக்கிறது.

* பிரதிநிதி, ரத்த சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 18 வயது நிரம்பிய, நீங்கள் நம்பும் நண்பராகவும் இருக்கலாம். அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 

* இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். மனநல ஆய்வு வாரியத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது.

* மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம்.

* முக்கியமாக, ஒரு நகலை உங்கள் டாக்டரிடமும், ஒரு நகலைப் பிரதிநிதியிடமும் கொடுத்துவைக்க வேண்டும். நகல் கைக்கு வராத டாக்டரை, 'ஏன் இதைப் பின்பற்றவில்லை?' என்று கேட்க முடியாது.

என்ன எழுதலாம்? 'இந்த ஊசி போட்டபோது கழுத்து இழுத்துக்கொண்டது, அது வேண்டாம். இந்த மருந்து போன முறை பத்தே நாளில் சரியாக்கியது, அதையே முதலில் பாருங்கள். அட்மிஷன் போட வேண்டி வந்தால் என் அக்காவிடம் சொல்லுங்கள், மாமாவிடம் வேண்டாம். என் ஏ.டி.எம் கார்டை மனைவி வாங்கி வைத்துக்கொள்ளட்டும்' என்று சாதாரண வார்த்தைகளிலேயே எழுதலாம். அனுபவப்பட்ட நோயாளிக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்ததில் பாதி, கேஸ் ஷீட்டில் இருக்காது.

இதற்கு எல்லையும் உண்டு. அவசர சிகிச்சைக்கு இந்த அறிவுறுத்தல் பொருந்தாது. எழுதியிருப்பது நோயாளிக்கே கேடு என்று டாக்டரோ குடும்பமோ கருதினால், வாரியத்திடம் முறையிடலாம். முடிவு வாரியத்தின் கையில். ஆக, யாருக்கும் இது கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுக்கும் அதிகாரம் இல்லை.

சாமியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

நம் ஊரில் விருப்பம் என்றால், அதில் நம்பிக்கையும் சேர்ந்ததுதான். பாண்டி கோயிலில் வேண்டிக்கொண்ட பிறகே ஆஸ்பத்திரிப் படி ஏறும் குடும்பங்கள் உண்டு. கோரிப்பாளையம் தர்காவில் மந்திரித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. இதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று பலர் மறைக்கிறார்கள். மறைக்கத் தேவையில்லை. தீ விபத்தைச் சந்தித்த அதே ஏர்வாடியில், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல சிகிச்சையும் தரும் 'தவா-துவா' திட்டத்தை, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த திட்டத்தை, தமிழக அரசே நடத்தியது. வேண்டுதல் இருக்கட்டும், கூடவே மாத்திரையும் இருக்கட்டும் என்பதுதான் அதன் வழி.

திருவிழாவும் அப்படித்தான். சித்திரையில் அழகர் வைகைக்கு வரும்போது எதிர்சேவைக்கு ராத்திரி முழுக்க விழித்திருப்பது மதுரைக்காரருக்குப் பிறவி உரிமை. 'போகவே கூடாது' என்றால், ஒளிந்து போவார். 'எனக்கு அழகரைப் பாக்கணும்' என்று முன்பே டாக்டரிடம் சொன்னால், ராத்திரி தூங்கிவிட்டு அதிகாலையில் ஆற்றுக்குப் போவது, வெயிலில் தண்ணீர் குடிப்பது, மறுநாள் நன்றாகத் தூங்குவது என்று ஒரு வழி பிறக்கும். ரமலான் நோன்பு வைப்பவர்கள், விரதம் இருப்பவர்கள், அதிலும் லித்தியம் எடுப்பவர்கள், சில வாரங்களுக்கு முன்பே டாக்டரைப் பார்த்துப் பேசிவிடுவது அவசியம்.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது...

அரசு மருத்துவமனையில் வரிசை நீளம். டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். அதனால் சொல்ல வேண்டியதை முந்தின நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு செல்போனில் பதிவு செய்யலாம்.

1. என் வேலை என்ன, எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்கிறேன்.

2. இதுவரை எடுத்த மருந்துகளில் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை.

3. எந்தப் பக்கவிளைவு வந்தால் என்னால் தாங்கவே முடியாது? எடையா, தூக்கமா, நடுக்கமா, தாம்பத்தியப் பிரச்னையா?

4. கல்யாணம், குழந்தை பற்றிய திட்டம்.

5. மாதம் எவ்வளவு செலவு தாங்கும், எத்தனை முறை வந்துபோக முடியும்.

6. எத்தனை நாள் மாத்திரையை விட்டேன். (உண்மையைச் சொல்லுங்கள். டாக்டர் கோபித்தாலும் பரவாயில்லை. 'மருந்து வேலை செய்யவில்லை' என்று நினைத்து அவர் டோஸை ஏற்றுவதைவிட அது மேல்!)

7. இந்த மருந்து வேண்டாமென்றால் வேறு என்ன இருக்கிறது? அதன் நல்லது கெட்டது என்ன?

கூடப் போகும் குடும்பத்தினர் ஒன்று செய்தால் போதும். டாக்டர் கேள்வி கேட்டதும் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். விட்டுப்போனதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்துகள் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர்கள் சுற்றுவட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை என்று விசாரித்தால், மதுரை வரை அலைச்சல் மிச்சம். 1992-ல் மனநல மருத்துவர் சி.ராமசுப்பிரமணியன் மதுரையில் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பணிகளைச் செய்துவருகிறது. மனசு தாங்காத நேரத்தில், எந்த நேரமானாலும் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பைபோலார் பாதிப்புள்ளவர் இப்போது நன்றாக இருக்கிறாரா? தூங்குகிறார், சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறாரா? 'நல்லாத்தானே இருக்கான், அந்தப் பேச்சை எதுக்கு எடுக்கணும்?' என்று தள்ளிப்போடாதீர்கள். பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இன்று ராத்திரி, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்ட கையோடு, பக்கத்தில் உட்கார்ந்து, "மறுபடி உடம்புக்கு முடியாமப் போனா, நாங்க என்ன செய்யணும்னு நீ நினைக்கிற?" என்றும் கேட்டுவிடுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.